கருவி வாங்கினால் வீட்டார் நிம்மதியாகத் தூங்குவார்களா?

கேள்வி: காலியிலிருந்து மாலைத்தீவுக்குப் பாய்ப்படகில் போகிறேன். செயற்கைக்கோள் தொடர்புக் கருவி ஒன்று வாங்கினால் பாதுகாப்புக்குப் போதுமா? கொழும்பில் இருக்கும் வீட்டாரும் கவலையில்லாமல் இருப்பார்கள் அல்லவா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: இருக்க மாட்டார்கள்.

நான் கடலோடி அல்ல. கடலில் நான் போன அதிகபட்சத் தூரம் திருகோணமலையில் புறாத்தீவு. ‘இவருக்கு என்ன தெரியும்’ என்று எழுதப் போகிறவர்கள் இப்போதே எழுதிவிடலாம். ஆனால் என் தம்பி இதே பயணம் போனபோது வெள்ளவத்தையில் தொடர்மாடியின் நான்காம் மாடியில் உட்கார்ந்து வரைபடத்தில் அவன் படகின் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். படகில் போகிறவர்களிடம் நீங்கள் கேட்டிருப்பீர்கள். கரையில் இருந்தவளிடமும் கேளுங்கள்.

அது ஒரு ஜனவரி மாதம், வாடைக்காற்றுக் காலம். வெளிநாட்டுத் தம்பதி ஒன்றின் படகில் உதவிக்கு ஆள் தேவை என்று தம்பி ஏறிவிட்டான். வடமாலைத்தீவு வரை 400 கடல் மைலுக்கு மேல், நாலு நாள் ஓட்டம். எங்களிடம் சொன்னது ‘சின்னப் பயணம்’ என்றுதான். அவசரத் தொடர்புக்கு என் இலக்கத்தைக் கொடுத்துவிட்டு, ஒரு வரைபடப் பக்கத்தின் இணைப்பையும் அனுப்பினான். அரை மணிக்கு ஒரு தடவை கருவி தான் இருக்குமிடத்தை அனுப்பும். அது அங்கே புள்ளியாக விழும்.

முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. அம்மா ஒவ்வொரு புள்ளியாக எண்ணிக்கொண்டு இருந்தார். இரண்டாம் இரவு 2.10க்கு விழுந்ததுதான் கடைசிப் புள்ளி. காலை ஆறுக்கும் அதே புள்ளி, எட்டுக்கும் அதே புள்ளி. கப்பல்கள் சாரி சாரியாகப் போகும் வழி அது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் விரலை வைத்தார். வரைபடம் விரலோடு சேர்ந்து நகர்ந்தது. “பார், நகர்ந்துவிட்டான்” என்றார். நகர்ந்தது அரபிக்கடல் முழுவதும் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

பிறகு நான் தொலைபேசியை எடுத்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன், எல்லா இடத்திலும் இதே கதைதான். ‘தமிழுக்கு இரண்டை அழுத்தவும்.’ அழுத்தினேன். ஒன்பது நிமிடம் இசை, பிறகு தொடர்பு அறுந்தது. மூன்றை அழுத்தினேன், அரை நிமிடத்தில் ஆங்கிலத்தில் ஆள் வந்துவிட்டார். 1987இல் 13ஆம் திருத்தம் வந்த நாளிலிருந்து தமிழும் அரச கரும மொழி. மின்கட்டணத்துக்கும் இதே இசையைத்தான் கேட்கிறேன், தண்ணீர்க் கட்டணத்துக்கும் இதே இசையைத்தான் கேட்கிறேன். எனக்காவது ஆங்கிலம் தெரியும். கணவர் பலநாள் மீன்பிடிப் படகில் போயிருக்கும் ஒரு பெண் எந்த எண்ணை அழுத்துவாள்? சரி, இது நீங்கள் கேட்டது அல்ல.

அந்த அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். படகின் பெயர் என்ன, நீளம் எவ்வளவு, உடல் என்ன நிறம், எத்தனை பேர், உயிர்காப்பு மிதவை உண்டா, வானொலி அடையாள இலக்கம் என்ன? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வெள்ளைப் படகு. சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. பாய்ப்படகுகளில் பெரும்பாலானவை வெள்ளைதானே. இலங்கைக்கு ஒதுக்கப்பட்ட கடல் தேடல் மீட்புப் பரப்பு இந்தத் தீவின் நிலப்பரப்பைப் போல் 27 மடங்கு. அதில் ஒரு வெள்ளைப் படகு.

பிற்பகல் ஒன்றரைக்குச் செய்தி வந்தது: ‘இரவு நல்ல மழை. கருவி நனையக்கூடாது என்று உள்ளே வைத்தோம். இப்போதுதான் பார்த்தேன். சாப்பாடு நூடுல்ஸ்.’ சமையல் இழுப்பறைக்குள், ஈரச் சட்டைக்குக் கீழே இருந்ததாம். அவ்வளவுதான் நடந்தது. இந்தக் கருவிகளில் பல பயன்படுத்தும் இரிடியம் வலையமைப்பில் 66 செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 780 கிலோமீட்டர் உயரத்தில் உலகம் முழுவதையும் சுற்றிவருகின்றன. ஆனால் கருவிக்குத் திறந்த வானம் தெரிய வேண்டும். இழுப்பறைக்குள் அது வெறும் பிளாஸ்டிக் துண்டு.

கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்குங்கள். இருபக்கமும் செய்தி போகும், காற்று நிலவரம் கேட்கலாம், மருத்துவரிடம் கேட்டுச் சொல்லலாம். ஆனால் அது மட்டும் போதாது. படகு மூழ்கினால் வேண்டியது 406 மெகாஹெர்ட்ஸ் அவசர மிதவை, அதாவது செயற்கைக்கோள் வழியாக மீட்பாளர்களுக்கு அபாயச் சமிக்ஞை அனுப்பும் சிறு கருவி. அதற்கு மாதக் கட்டணம் இல்லை, தண்ணீரில் மிதக்கும், மின்கலம் குறைந்தது 48 மணி நேரம் அலறும். அதைப் படகின் பெயரில் பதிவுசெய்து, கரைத் தொடர்பாக யாருடைய எண் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மிதவையால் ‘சுகமாக இருக்கிறேன்’ என்று சொல்ல முடியாது, தொடர்புக் கருவியால் முடியும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்று அல்ல. தெற்குக் கடலில் உங்களுக்கு மிக அருகில் இருக்கும் உதவி பெரும்பாலும் ஒரு சரக்குக் கப்பல்தான். அதைக் கூப்பிட வேண்டியது, படகுகளும் கப்பல்களும் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் வானொலியின் 16ஆம் அலைவரிசையில். தம்பியின் படகில் இவை எல்லாமே இருந்தன, என்னிடம்தான் ஒரு தாள்கூட இல்லை.

இன்னொன்று: திரும்பும்போது கருவியைப் பையில் போட்டுக்கொண்டு சென்னை வழியாக வராதீர்கள். இந்தியாவில் அனுமதியின்றி இவற்றை வைத்திருப்பது குற்றம். விமான நிலையங்களில் வெளிநாட்டுப் பயணிகளைத் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

‘அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் வல்வெட்டித்துறையிலிருந்து புறப்பட்டு 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போகவில்லையா, அதில் என்ன கருவி இருந்தது’ என்று யாராவது கேட்பார்கள். என் சித்தப்பாவே கேட்டார். அந்தக் கப்பலில் போனவர்களின் வீட்டில் அரை மணிக்கொரு புள்ளியை யாரும் எதிர்பார்க்கவில்லை. மாதக்கணக்கில் தகவல் வராமல் இருப்பது அங்கே வழக்கம். எங்களுக்கு பதினொரு மணி நேரமே சாவு வீடாகிவிட்டது.

ஆகவே புறப்படும் முன் வீட்டில் உட்கார்ந்து கதையுங்கள். புள்ளி நின்றால் எத்தனை மணி நேரம் பொறுக்க வேண்டும், அதற்குப் பிறகு யாருக்கு என்ன சொல்ல வேண்டும், அபாயப் பொத்தானை அழுத்தினால் எந்த நாட்டிலிருந்து, எந்த மொழியில் அழைப்பு வரும். வெளிநாட்டு எண் என்று துண்டித்துவிடக் கூடாது. படகின் விவரங்கள், படம், ஆட்களின் பெயர், யாருக்கு என்ன மருந்து, எல்லாம் தாளில் இருக்க வேண்டும்.

தம்பி மறுபடி போகிறான். அவசரத் தொடர்புக்கு வேறு யாரையாவது போடு என்றேன். தலையாட்டிவிட்டு என் இலக்கத்தையே போட்டிருக்கிறான். இந்தத் தடவை படகின் விவரத்தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருக்கிறது. நிறம் என்ற இடத்தில் ‘வெள்ளை, நீலக் கோடு’ என்று எழுதி, அம்மா அந்த நீலக் கோட்டுக்கு அடிக்கோடு இட்டிருக்கிறார்.