பத்து எண்ணுவது யார்?

தங்கச்சி, உங்கள் கடிதத்தை வேலூர் சத்துவாச்சாரியில் அம்மா வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்துதான் படித்தேன். பள்ளி விடுமுறைக்கு இங்கிலாந்திலிருந்து ஊருக்கு வந்திருக்கிறோம். ஆடி முடிந்தும் இங்கே வெயில் இறங்கவில்லை. நீங்கள் காட்பாடிப் பெண், சி.எம்.சி.யில் நர்ஸாக இருந்துவிட்டு ஏப்ரலில் இங்கிலாந்து போனவர் என்று பார்த்ததும் ஊர்க்கதை பேசத்தான் வாய் வந்தது. அது அப்புறம். முதலில் பையன்.

ஏழு வயது, சி.பி. என்கிற பெருமூளை வாதம், இரண்டு காலிலும் இறுக்கம். பிசியோ டெர்முக்கு ஒரு தடவைதான் பள்ளிக்கு வருகிறார். அவர் எழுதிக் கொடுத்த ஸ்ட்ரெட்ச்சை, அதாவது காலை இழுத்து நிறுத்தும் பயிற்சியை, டி.ஏ. (வகுப்பில் டீச்சருக்கு உதவியாக இருப்பவர்) தினமும் கால் மணி நேரம் செய்கிறார். ஜூலை முழுக்க அழுதான், இப்போது பள்ளிக்கே போகமாட்டேன் என்கிறான். பிசியோவை நிறுத்தச் சொல்லலாமா, புதிதாக வந்தவர்கள் இப்படிக் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா? இதுதானே உங்கள் கேள்வி.

நிறுத்தச் சொல்லாதீர்கள். எலும்பு வளர்கிற வேகத்துக்கு இறுகின தசை வளராது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இப்போது நடக்கிற மாதிரியே நடக்கவும் விடாதீர்கள்.

அவன் எதற்கு அழுகிறான் என்று முதலில் கண்டுபிடியுங்கள். வலி என்றுதான் நாம் நினைப்போம். என் மகளுக்கு ஆறு வயதில் இதே கூத்து நடந்தது. வலி, வலி என்று நான் பள்ளியிடம் சொல்ல, அவர்கள் ஸ்ட்ரெட்ச்சைப் பாதியாகக் குறைத்தார்கள். அழுகை குறையவில்லை. ஒரு நாள் ராத்திரி தூக்கக் கலக்கத்தில், "அந்த நரி கடைசியில் என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாள். எந்த நரி? அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. தினமும் சாயங்காலம் டீச்சர் கதை படிக்கும் நேரத்தில்தான் இவளைப் பிசியோவுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். ஒரு வருஷமாக எந்தக் கதையின் முடிவும் என் பெண்ணுக்குத் தெரியாது. நேரத்தைக் காலையில் அசெம்பிளிக்கு மாற்றினோம், அழுகை முக்கால்வாசி நின்றது. நரி என்ன ஆனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

உங்கள் பையனுக்கு வேறு காரணம் இருக்கலாம். விளையாட்டு நேரம் போகிறதா? கதவு திறந்திருக்கும் அறையில் கால்சட்டையை மடித்துவிட்டுப் படுக்க வைக்கிறார்களா? ஏழு வயதில் வெட்கம் வந்துவிடும். நாம்தான் "சின்னப் பிள்ளைக்கு என்ன வெட்கம்" என்போம். நிஜமாகவே வலி என்றால் பிசியோவிடம் உடனே சொல்லுங்கள். இடுப்பு எக்ஸ்ரே கடைசியாக எப்போது எடுத்தது என்றும் கேட்டுவிடுங்கள். சி.பி. பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகும் ஆபத்து உண்டு, அதை டி.ஏ.வின் கை கண்டுபிடிக்காது.

வலிக்கும் பயத்துக்கும் நடுவில் இன்னொன்று இருக்கிறது. எப்போது விடுவார்கள் என்று தெரியாமல் படுத்திருப்பது. என் அம்மா இந்த வீட்டுத் திண்ணையில்தான் மகளுக்குக் கால் நீவிவிடுவார். நல்லெண்ணெயைச் சூடு பண்ணி, காலை மெதுவாகக் கொண்டுபோய் நிறுத்தி, "ஒண்ணு, ரெண்டு" என்று குழந்தையையே எண்ண வைப்பார். பத்து வந்தால் கை விலகிவிடும். "இன்னும் ஒண்ணே ஒண்ணுடி செல்லம்" என்ற பேச்சே கிடையாது. பள்ளியில் அந்த ஒண்ணே ஒண்ணுதான் நடந்துகொண்டிருந்தது. டி.ஏ. தங்கமான மனுஷி, நல்லது என்று நினைத்துத்தான் கூடக் கொஞ்சம் பிடித்தார். பிள்ளைக்கோ அடுத்த முறை பத்தின் மேல் நம்பிக்கை இல்லை. தொடும் முன்பே காலை இறுக்கிக்கொண்டாள். இறுக்கின காலை வெடுக்கென்று இழுத்தால் இன்னும் இறுகும், இழுப்பவருக்கும் கோபம் வரும்.

நான் போய்ப் பேசினேன். மகள் எண்ணுவாள், தமிழில் எண்ணுவாள், பத்தில் கை விலக வேண்டும், "ஸ்டாப்" என்றால் நடுவிலும் விலக வேண்டும் என்று கேட்டேன். நிறுத்தி நிறுத்தி ஏமாற்றமாட்டாளா என்றார்கள். முதல் வாரம் ஏமாற்றினாள்தான். இரண்டாம் வாரத்தில் டி.ஏ.வுக்கே எண்ணக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். அந்த அம்மாவுக்கு "ஏழு" கடைசிவரை வரவில்லை. "ஏலு" என்பார், இவள் நிறுத்தித் திருத்துவாள், அதில் இரண்டு விநாடி கூடக் கிடைத்தது.

வீட்டில் காலையும் மாலையும் நீங்களும் அதே ஸ்ட்ரெட்ச்சை முழுசாகச் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். குறைக்கக் கூடாது என்று பிசியோ சொல்லாதவரை அதைக் கொஞ்சம் தளர்த்துங்கள். அவனுக்கு நீங்கள் அம்மாவாக இருக்கும் நேரமும் வேண்டும். உப்புமூட்டை தூக்குங்கள், தொடையின் உள்பக்கத்துக்கு அதைவிட நல்ல ஸ்ட்ரெட்ச் இல்லை. பிடித்து நிற்க வைக்கும் ஸ்டாண்டிங் ஃபிரேமில் நிற்கும்போது மேஜையில் பல்லாங்குழியைப் போடுங்கள். வெறுமனே இழுத்துப் பிடிப்பதைவிட, பிள்ளை தனக்கு வேண்டிய ஒன்றுக்காகத் தானே அசைவதில்தான் இப்போது பிசியோக்கள் அதிகம் கவனம் வைக்கிறார்கள். அவனுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். என் மகள் கேட்டது, பள்ளிச் சாப்பாட்டுத் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு நடப்பது. குளிர்காலத்தில் இறுக்கம் கூடும். வெந்நீர்க் குளியலுக்குப் பிறகு செய்தால் பாதிச் சண்டை மிச்சம்.

கேட்டால் தப்பாக நினைப்பார்களா என்ற பயம் எனக்கும் இருந்தது. நம் ஊரில் டாக்டரம்மா சொன்னால் தலையாட்டிவிட்டு, சந்தேகத்தை வெளியே வந்து டீக்கடையில் கேட்போம். அங்கே நீங்கள் வாய் திறக்கவில்லை என்றால் எல்லாம் சரியாக இருப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள். செப்டம்பர் முதல் வாரமே சென்கோவை, அதாவது பள்ளியில் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளைக் கவனிக்கும் டீச்சரை, நேரில் பாருங்கள். பேசியதை அன்றைக்கே இரண்டு வரி மெயிலாக அனுப்பிவிடுங்கள். அது சண்டையில்லை, அங்கே வழக்கமே அதுதான்.

கையோடு இ.ஹெச்.சி.பி. மதிப்பீட்டுக்குக் கவுன்சிலுக்கு (அங்கத்திய உள்ளாட்சி) எழுதுங்கள். பிள்ளைக்கு என்னென்ன உதவி தர வேண்டும் என்று சட்டப்படி எழுதித் தரும் திட்டம் அது. பள்ளி எழுதும் என்று காத்திருக்க வேண்டாம், பெற்றோரே கேட்கலாம். மதிப்பீடு செய்வதா இல்லையா என்று 6 வாரத்தில் பதில் வர வேண்டும், திட்டம் முடிந்து கைக்கு வர 20 வாரம். பல கவுன்சில்கள் இழுத்தடிக்கும், தேதியைக் குறித்துவைத்து நினைவூட்டுங்கள்.

திட்டம் வரும்போது ஒரு நுணுக்கம். எஃப் பிரிவு கல்வி உதவி, ஜி பிரிவு மருத்துவ உதவி. எஃப் பிரிவில் இருப்பதைக் கவுன்சில் செய்தே ஆக வேண்டும். ஜி பிரிவு விஷயத்தில் நீங்கள் மேல்முறையீட்டுக்கு டிரிப்யூனலுக்கு (தீர்ப்பாயம்) போனாலும் அவர்களால் பரிந்துரைதான் செய்ய முடியும். பிள்ளைக்குப் பயிற்சியோ கல்வியோ தருகிற மருத்துவ உதவியைக் கல்வி உதவியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2014ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே தினசரி பிசியோ, டி.ஏ.வுக்குப் பயிற்சி இரண்டையும் எஃப் பிரிவில் கேளுங்கள். "தேவைக்கேற்ப" என்ற சொல்லைக் கண்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை நிமிடம், வாரத்துக்கு எத்தனை நாள், யார் செய்வது என்று எண்ணாக இருக்க வேண்டும். சென்டியாஸ் என்று ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு இலவச ஆலோசனை உண்டு, தயங்காமல் கூப்பிடுங்கள்.

விசா பயமும் வேண்டாம். பொது நிதி பெறக்கூடாது என்ற விசா நிபந்தனையில் டி.எல்.ஏ. பணம் (மாற்றுத்திறன் உதவித்தொகை) அடங்கும், அதற்கு விண்ணப்பித்துவிடாதீர்கள். பள்ளி உதவி, இ.ஹெச்.சி.பி., என்.ஹெச்.எஸ். (அங்கத்திய அரசு மருத்துவம்) பிசியோ, நாம் காலிபர் என்று சொல்லும் ஸ்பிளின்ட் எதுவும் அந்தக் கணக்கில் வராது.

பிள்ளைகள் கேலி பண்ணுவதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். என் மகள் வகுப்பில் "எங்கள் ஊர்" என்று பேச வேண்டி வந்தபோது கோட்டையைப் பற்றிப் பேசுவாள் என்று நினைத்தேன். அவள் பாட்டியிடம் கேட்டிருந்த மேரி வர்கீஸ் டாக்டரம்மாவைப் பற்றிப் பேசினாள். 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர், 1966இல் வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் வரக் காரணமானவர். உட்கார்ந்துகொண்டே ஆபரேஷனா என்று பிள்ளைகள் வாய் பிளந்தார்களாம். அன்று மத்தியானம் இவள் வாக்கரை ஓட்டிப் பார்க்க ஒரு வரிசையே நின்றிருக்கிறது. இங்கே வேலூரில் சொந்தக்காரர்கள் இன்னும் "ஐயோ பாவம்" என்பதிலேயே நிற்கிறார்கள். நேற்றுக்கூட ஒரு கல்யாணத்தில் நாலு பேர் சொன்னார்கள். பதினைந்து வயதாகிவிட்டது, அவளே பதில் சொல்லிக்கொள்கிறாள்.

28ஆம் தேதி விமானம். சி.எம்.சி. டிஸ்சார்ஜ் சம்மரியும் எக்ஸ்ரே சி.டி.யும் காட்பாடி வீட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே பிசியோவுக்கு அவை வேண்டும், அம்மாவிடம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள், நானே போய் வாங்கிக்கொள்கிறேன். பெட்டியில் இரண்டு கிலோவுக்கு இடம் இருக்கிறது. ஊறுகாய் மட்டும் வேண்டாம், போன தடவை பட்டது போதும்.