கனக புஷ்பராகமா, டோபாஸா? தண்ணீரில் நிறுத்துப் பாருங்கள்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். மாமனார் தம் மஞ்சள் கல் மோதிரத்தை என் கணவருக்குக் கொடுத்திருக்கிறார். நகைக்கடையில் கனக புஷ்பராகம் என்கிறார்கள். அளவு குறைக்கக் கேட்ட ஆசாரியோ டோபாஸ் என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது? கணவருக்குத் தோட்டத்தில் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டும் வேலை. தினமும் போடலாமா?

பதில்: பாதிக் குழப்பம் பெயரால் வந்தது. நம்மவர்கள் இரண்டு கல்லையுமே புஷ்பராகம் என்றுதான் சொல்கிறார்கள். கனக புஷ்பராகம் குருந்தக்கல். நீலமும் மாணிக்கமும் அதே இனம்தான், நிறம் மட்டும் வேறு. (கொரண்டம் என்ற ஆங்கிலப் பெயரே நம் குருந்தத்திலிருந்து போனது.) டோபாஸ் ஃபுளோரின் சேர்ந்த அலுமினிய சிலிக்கேட், முற்றிலும் வேறு கல்.

நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. உரசியும் பார்க்காதீர்கள், கல்தான் பாழாகும். சரியான வழி ஒப்படர்த்தி பார்ப்பது, அதாவது அதே பருமனுள்ள தண்ணீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனம் என்பது. கனக புஷ்பராகத்துக்கு 4.00, டோபாஸுக்கு 3.5 சொச்சம். இதே மஞ்சளில் வரும் சிட்ரினுக்கு 2.65தான்.

கல் மோதிரத்திலிருந்து கழற்றப்பட்டிருக்க வேண்டும். அளவு குறைக்க ஆசாரி எப்படியும் கல்லைக் கழற்றுவார், அப்போதே செய்துவிடுங்கள். 0.01 கிராம் வரை காட்டும் தராசு போதும்; கல் சிறியதானால் 0.001 காட்டுவது நல்லது. முதலில் கல்லை மட்டும் நிறுங்கள். பிறகு தண்ணீர்க் கோப்பையைத் தராசில் வைத்துச் சுழியாக்குங்கள். கல்லை மெல்லிய நைலான் இழையில் கட்டி, முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது கல் விலக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இதனால் வகுங்கள். 1.26 கிராம் கல்லுக்குத் தராசு 0.36 காட்டினால் விடை 3.5, டோபாஸ். கனக புஷ்பராகமானால் 0.31 அல்லது 0.32தான் காட்டும்.

வித்தியாசம் இவ்வளவு சிறியது என்பதால்தான் பலர் தவறுகிறார்கள். கல்லில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டியிருந்தாலும் தராசு கூட்டிக் காட்டும், நல்ல குருந்தமும் டோபாஸாகத் தெரியும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால் குமிழி ஒட்டாது. கல் கோப்பையின் அடியைத் தொட்டால் எண் சட்டென்று ஏறிவிடும். விசிறியை நிறுத்திவிட்டு மூன்று முறை நிறுத்துப் பாருங்கள்.

4.00 வந்துவிட்டது என்று நிம்மதியடையவும் முடியாது. 1902 முதலே குருந்தத்தைச் செயற்கையாக உருக்கி எடுக்கிறார்கள், அதற்கும் 4.00தான். இயற்கைக் கல்லா என்பதை ரத்தினப் பரிசோதனைக் கூடம்தான் சொல்ல வேண்டும்.

தினமும் போடும் விஷயத்துக்கு வருவோம். கல்லின் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவில் குருந்தம் 9, டோபாஸ் 8. மண்ணிலும் தூசியிலும் இருக்கும் குவார்ட்ஸ் 7 என்பதால் இரண்டிலும் அவ்வளவு எளிதில் கீறல் விழாது. ஆனால் கீறல் தாங்குவது வேறு, அடி தாங்குவது வேறு. டோபாஸுக்குள் ஒரே ஒரு திசையில் அணுப்பிணைப்பு தளர்வு. அந்தத் திசையில் அடிபட்டால் விறகு பிளப்பதுபோல் வழவழவென்று பிளந்துவிடும். 10 மடங்கு உருப்பெருக்கியில் கல்லை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே தட்டையாக, கண்ணாடித் தகடுபோல், வானவில் நிறம் மின்னும் கீற்று தெரிந்தால் பிளவு தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தக் கல்லை வேலைக்குப் போடவே கூடாது. குருந்தத்துக்கு இந்தப் பிளவுத்தளம் இல்லை.

டோபாஸ் என்று தெரிந்தால் பற்றவைக்கும்போது கல் மோதிரத்தில் இருக்கக் கூடாது, சூட்டில் வெடிக்கும். மீயொலி (அல்ட்ராசோனிக்) அதிர்வால் நகை கழுவும் தொட்டியிலும் நீராவியிலும் கழுவ வேண்டாம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். நகம் போன்ற சிறு கம்பிகளால் கல்லைப் பிடிக்கும் கட்டைவிட, விளிம்பு முழுதும் தங்கம் மடங்கிப் பிடிக்கும் கட்டு நல்லது.

எந்தக் கல்லாக இருந்தாலும் குலை வெட்டும்போது மோதிரம் வீட்டிலேயே இருக்கட்டும். அரிவாள் கம்பிலோ மட்டையிலோ அது சிக்கி இழுத்தால் கல்லுக்கு முன்னால் விரல் போய்விடும்.