தாத்தாவின் கடிதத்தில் கருவாட்டுக் குழம்பு எதற்கு?

கேள்வி: என் தாத்தா மண்டபத்தில் கடல் ஆராய்ச்சி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எண்பது வயதைத் தாண்டியும் கரையில் சிப்பி, பாசி பொறுக்கிக்கொண்டு, வெளியூரில் இருந்த பிள்ளைகளுக்கு இன்லண்ட் லெட்டரில் எழுதிக்கொண்டே இருந்தார். இருநூறு கடிதம் வரை கிடைத்திருக்கிறது. புத்தகமாகப் போடப்போகிறோம். ஆராய்ச்சி, விருது பற்றிய பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு, கைமாற்று, மூட்டுவலி, கருவாட்டுக் குழம்பு மாதிரியான வீட்டு விஷயங்களை எடுத்துவிட்டால்தான் கௌரவமாக இருக்கும் என்கிறார் என் சித்தப்பா. அவர் திருத்திய ஒரு கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— வாசகி, மண்டபம் முகாம்

பதில்: முதலில் சித்தப்பாவின் கையிலிருந்து அந்தச் சிவப்புப் பேனாவை வாங்கி ஒளித்து வையுங்கள்.

நகலைப் படித்தேன். அவர் அடித்திருப்பது இது: "கச்சான் இன்னும் ஓயவில்லை. தென்கடல் கொதிக்கிறது. வடகடல் பக்கம்தான் போய் வந்தேன். பத்து நாளாக வீட்டில் காரல் கருவாடுதான், உங்கள் அம்மா முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை." விட்டு வைத்திருப்பது இது: "சென்ற வாரம் பாராட்டு விழா வைத்து எனக்குச் சால்வை போர்த்தினார்கள்."

உங்கள் ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மண்டபம் இரண்டு கடலுக்கு நடுவே நீட்டிய நாக்கு. தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா; ஊர்ப்பேச்சில் தென்கடல், வடகடல். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடைக் காலத்தில் அப்படியே தலைகீழ். தாத்தா எழுதிய அந்த நாலு வரியில் காற்று இருக்கிறது, எந்தக் கடலில் இறங்க முடிந்தது என்பது இருக்கிறது, பச்சை மீன் கரைக்கு வராமல் கருவாட்டில் காலம் தள்ளியது இருக்கிறது. தேதி கடிதத்தின் தலையிலேயே இருக்கிறது. இதே ஆள் இதையே அலுவலக நோட்டில் எழுதியிருந்தால் சித்தப்பா அட்டை போட்டுப் பாதுகாத்திருப்பார். குழம்பு வாசம் வந்ததால் அடித்துவிட்டார். சால்வை சமாசாரத்தில் என்ன தெரிகிறது? சால்வை போட்டார்கள் என்று தெரிகிறது. தமிழ்நாட்டில் அது யாருக்குத்தான் போடவில்லை? எனக்கே வீட்டில் பதினான்கு கிடக்கிறது.

சரி, உங்கள் தாத்தாவைவிடப் பெரிய பெயர் ஒன்றைச் சொன்னால் சித்தப்பா கேட்பார் என்றால், ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸைச் சொல்லுங்கள். இயற்கைத் தேர்வு என்ற கருத்தை டார்வினைப் போலவே தானாகக் கண்டுபிடித்த மனிதர். 1858-ல் இருவர் எழுத்தும் லண்டன் லின்னேயன் சங்கத்தில் ஒரே நாளில் வாசிக்கப்பட்டன. வாலஸ் அப்போது மலாய்த் தீவுகளில் வண்டும் பட்டாம்பூச்சியும் பிடித்துக்கொண்டிருந்தார். டார்வினும் அவர் நண்பரான தாவரவியல் அறிஞர் ஹூக்கரும் தமக்குக் கடிதம் எழுதியதை அந்த அக்டோபரில் அவர் யாரிடம் சொல்லிக்கொள்கிறார்? அம்மாவிடம். ஊர் திரும்பினால் பெரிய மனிதர்களின் பழக்கம் கிடைக்கும் என்று ஒரு பிள்ளை அம்மாவுக்குச் சொல்லும் நல்ல சேதியாகத்தான் அது வருகிறது. உயிரியலின் பெரிய திருப்பம் ஒரு குடும்பக் கடிதத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. சித்தப்பா அதை எந்தப் பக்கம் வைப்பார்?

வயதான காலத்து வாலஸ் இன்னும் சுவாரஸ்யம். 1908-ல், 85 வயதில், மூன்று பெரிய கௌரவங்கள் அடுத்தடுத்து வந்து விழுந்தன: லின்னேயன் சங்கத்தின் டார்வின்-வாலஸ் தங்கப் பதக்கம், ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம், மன்னர் தரும் 'ஆர்டர் ஆஃப் மெரிட்'. குடும்ப நண்பரான ஒரு பெண்மணிக்கு அவர் இதைப் பற்றி எழுதியது கிட்டத்தட்ட ஒப்பாரி: ஐயோ, இன்னும் இரண்டு வந்துவிட்டதே! நிலமெல்லாம் பொதுவுடைமை ஆக வேண்டும், ராணுவம் கூடாது என்று பேசித் திரியும் என் மாதிரி ஆளுக்கு அரசர் பட்டமா, ஒன்றும் புரியவில்லையே என்று. அரண்மனைக்கும் அவர் போகவில்லை. மன்னரின் அதிகாரி ஒருவர் பிராட்ஸ்டோன் கிராமத்து வீட்டுக்கே வந்து பட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். பாராட்டுப் பத்திரத்தை மட்டும் அச்சடித்தால் இந்தக் கிழவனாரின் கிண்டல் எங்கே போகும்?

பணமும் அப்படித்தான். கைமாற்று என்றால் ஏன் இவ்வளவு கூச்சம்? வாலஸுக்குக் கடைசிவரை நிரந்தர உத்தியோகம் கிடையாது. போட்ட முதலீடுகளில் கையைச் சுட்டுக்கொண்டார். பூமி தட்டை என்று சாதித்த ஒருவரோடு 1870-ல் பந்தயம் கட்டி, ஜெயித்தும் பல வருடம் வழக்கும் வசவுமாக அவதிப்பட்டார். வருடக்கணக்கில் பரீட்சைப் பேப்பர் திருத்திக் குடும்பம் நடத்தினார். டார்வின் முயற்சி எடுத்து 1881-ல் வருடம் 200 பவுண்டு அரசு ஓய்வூதியம் வாங்கித் தந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டார். இதையெல்லாம் எடுத்துவிட்டால், ஒரு மனிதர் ஏன் அத்தனை புத்தகமும் கட்டுரையும் எழுதித் தள்ளினார் என்பதற்குப் பாதிக் காரணம் போய்விடும். அவர் பிள்ளைகள் விவரமானவர்கள். 1916-ல் அவருடைய கடிதங்கள் தொகுப்பாக வந்தபோது, அதில் வீட்டு வாழ்க்கையைப் பற்றிய பகுதியை மகனும் மகளுமே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்கள். அப்பாவின் மானம் ஒன்றும் கப்பலேறவில்லை.

ஒரே ஒரு இடத்தில் சித்தப்பா பக்கம் நிற்கிறேன். உயிரோடு இருக்கும் ஒருவருடைய நோய், கடன், கல்யாணத் தகராறு என்று வந்தால் சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். எடுத்த இடத்தில் மூன்று புள்ளி வையுங்கள். சத்தமில்லாமல் வெட்டி இரண்டு முனையையும் ஒட்டுவதுதான் தப்பு. மூட்டுவலிக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அது தாத்தாவின் சொந்தச் சொத்து. எந்த மாதத்திலிருந்து அவர் தண்ணீரில் இறங்காமல் கரையோடு நடக்க ஆரம்பித்தார் என்பதை அதுதான் காட்டிக் கொடுக்கும்.

அப்புறம், அச்சுக்குக் கொடுத்ததும் மூலத்தைப் பரணில் போட்டுவிடாதீர்கள். உங்கள் ஊர் உப்புக்காற்றுக்குக் காகிதம் ரொம்ப நாள் தாங்காது. மிச்சத்தை ராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும். இன்லண்ட் லெட்டரின் முகவரிப் பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் எடுங்கள். தேதி போட மறந்த கடிதத்துக்குத் தபால் முத்திரைதான் சாட்சி. லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். என் அப்பாவின் கடிதங்களை அப்படிச் செய்யப்போய், இன்று ஊதா மை பரவிய ஏழு பிளாஸ்டிக் தகடுகள் வைத்திருக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய நகலில் இடது ஓரம், பசை தடவி ஒட்டும் மடிப்பில், இடம் போதாமல் குறுக்காக ஏதோ பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார். நகலில் சரியாக விழவில்லை. "ஆவுளியா" என்ற ஒரு சொல்லும், அதற்குப் பக்கத்தில் "குட்டியோடு" என்பதும்தான் தெரிகிறது. கடல்பசுவைக் குட்டியோடு அவர் எங்கே, எந்தக் கடலில் பார்த்தார்? பேத்தி தாங்களே ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, அடுத்த இதழுக்குள் எனக்கு எழுதுங்கள்.