கார்டு மட்டும் மாற்றினால் போதுமா, பிஎஸ்5 வாங்குவதா?

உங்கள் பிசியில் இருப்பது ஏழாம் தலைமுறை ஐ5 ப்ராசஸர், ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ரேம். இதில் கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றினால் இன்னும் நாலு வருஷம் ஓடுமா, இல்லை சோனியின் கேம் கன்சோலான பிஎஸ்5 (ப்ளேஸ்டேஷன் 5) வாங்கிவிடலாமா என்றுதானே கேட்கிறீர்கள்?

கார்டு மட்டும் வேண்டாம். உங்கள் ப்ராசஸர் விண்டோஸ் 11 ஏற்கும் ப்ராசஸர்களின் பட்டியலில் இல்லை, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது, ஆக மதர்போர்டு, ப்ராசஸர், ரேம் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போய் கடைசியில் கேபினட் மட்டும்தான் பழசாக மிஞ்சும். 1060-ஐயும் நம்பி இருக்க முடியாது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமுக்கு ரே டிரேசிங் (ஒளி பட்டுத் தெறிப்பதை நிஜம்போலக் கணக்கிடும் வசதி) கார்டிலேயே இருந்தாக வேண்டும், 1060-ல் அது இல்லை, செட்டிங்ஸை எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை.

கன்சோல் கேமெல்லாம் இப்போது பிசிக்கும் வருகிறதே என்கிறீர்கள். சரி, வருகிறது, எப்போது என்பதுதான் சிக்கல். ஹெல்டைவர்ஸ் 2 ஒரே நாளில் இரண்டிலும் வந்தது. காட் ஆஃப் வாரோ 2018-ல் பிஎஸ்4-ல் வந்து பிசிக்கு வர 2022 ஆகிவிட்டது. ஜிடிஏ 5-க்கும் ஒன்றரை வருஷம் காத்திருந்தோமே!

புது பிசிக்கு இப்போது பட்ஜெட் இல்லையென்றால் பிஎஸ்5 வாங்குங்கள், டிஸ்க் டிரைவ் உள்ளதாகப் பார்த்து. முடித்த டிஸ்க்கை விற்றுவிடலாம், டிஸ்க் டிரைவ் இல்லாத டிஜிட்டல் மாடலில் அது நடக்காது. ஆன்லைனில் ஆட பெரும்பாலான கேம்களுக்குத் தனிச் சந்தா உண்டு, அதையும் கணக்கில் வையுங்கள். அப்புறம், பழைய பிசியை விற்க வேண்டாம், நண்பர்களோடு ஆடும் கவுண்டர் ஸ்ட்ரைக் 2 பிஎஸ்5-ல் கிடையாது.