சரிவு நிலமும் மேல்மண்ணும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கோத்தகிரி வட்டத்தில் எங்களுக்குள்ள ஒன்றரை ஏக்கர் சரிவில் உருளைக்கிழங்கும் கேரட்டும் மாற்றி மாற்றிப் பயிரிடுகிறோம். ஐப்பசி மழையில் மேல்மண் ஓடையில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சரிவுக்குக் குறுக்கே பார் (நடவுக்கான மண்மேடு) பிடித்தால் நீர் தேங்கிக் கிழங்கு அழுகிவிடும் என்று ஊர்ப் பெரியவர்கள் தடுக்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: பெரியவர்களின் அச்சத்தைப் புறந்தள்ள வேண்டாம். உருளைக்கிழங்கின் வேரடியில் நீர் நின்றால் அழுகல் நோய் வருவது உண்மைதான். அதற்கு அஞ்சியே நீலகிரியில் பலர் மேலிருந்து கீழாகப் பார் பிடிக்கிறார்கள். ஆனால் அப்படிப் பிடித்த பார்களுக்கு நடுவிலுள்ள ஒவ்வொரு சாலும் மழைக்காலத்தில் ஒரு வாய்க்காலாகிறது. நீரின் வேகம் இரு மடங்கானால் மண்ணை அரிக்கும் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால், சால் நீள நீள இழப்பு வெகுவாக ஏறுகிறது.

தீர்வு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பாரைக் குறுக்கே பிடியுங்கள். ஆனால் முழுச் சமமட்டமாக அல்லாமல், நூற்றிருபது அடி நீளத்துக்கு ஓரடி இறக்கம் இருக்குமாறு ஒரு பக்கமாகச் சாய்த்து, நீர் நிதானமாக நடந்து வடிகாலை அடையும்படி செய்யுங்கள்.

இந்த இறக்கத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது. ஏழடிக் கழிகள் இரண்டை உச்சியில் சேர்த்துக் கட்டி, அடிக்கால்கள் ஐந்தடி விலகி நிற்குமாறு நடுவில் குறுக்குச் சட்டம் அடித்து, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்க விடுங்கள். கால்களை இரண்டு முளைகளின் மேல் நிறுத்திக் கயிறு சட்டத்தைத் தொடும் இடத்தைக் குறித்து, பிறகு கால்களை இடம் மாற்றி மறுபடி குறித்தால், இரு குறிகளுக்கும் நடுப்புள்ளியே சமமட்டம். இனி, வடிகாலை நோக்கிச் செல்லும் காலின் அடியில் அரை அங்குலக் கட்டை ஒன்றை ஆணியடித்துவிட்டு, கயிறு நடுப்புள்ளியில் நிற்கும் இடங்களிலெல்லாம் முளை அடித்துக்கொண்டே போனால், ஐந்தடிக்கு அரை அங்குலம், அதாவது நூற்றிருபதுக்கு ஒன்று என்ற இறக்கம் தானாக அமையும்.

வடிகாலை முதலில் அமைத்து, அதில் புல் பிடித்த பிறகே பாரைத் திருப்ப வேண்டும். புல் இல்லாத வடிகாலில் எல்லாப் பார்களின் நீரும் ஒரே இடத்தில் விழுந்தால் அங்கே ஓர் ஓடை பிறந்துவிடும். அதைவிடப் பழைய முறையே மேல் என்பேன்.

உங்கள் சரிவு நூறடிக்குப் பதினாறடி இறக்கத்தைத் தாண்டினால் பார் மட்டும் போதாது; படித்தளம் அமைக்க வேண்டும். 25 விழுக்காட்டுச் சரிவில் பத்தடி அகலப் படிக்கு இரண்டரை அடி உயரச் சுவர் வரும். தளம் உட்புறமாக, நாற்பதடிக்கு ஓரடி என்ற அளவில் சாய்ந்திருப்பது கனமழைப் பகுதிக்கு ஏற்றது. வேலையைக் கீழ்ப்படியிலிருந்து தொடங்கினால், அடுத்த மேற்படியின் வளமான மேல்மண்ணை முடிந்த படியின்மேல் இழுத்துப் பரப்பலாம். மண்ணைத் தோண்டப் பொக்லைன் கொண்டுவர நினைத்தால், நீலகிரியில் அதற்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை என்பதை மறவாதீர்கள். உதகையில் 1954 முதல் இயங்கும் மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி மையம் இந்தச் சரிவுகளையே ஆராய்ந்துவருகிறது. சுவர் எழுப்புமுன் அங்கே ஒருமுறை கேட்டுவிடுங்கள். சரிவு 33 விழுக்காட்டுக்கு மேலிருந்தால் காய்கறியை விட்டுத் தேயிலைக்கோ மரத்துக்கோ மாறுவதுதான் நல்லது.

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு வயலின் கல்கட்டு மழையில் நடுவில் வயிறு தள்ளிச் சரிந்துவிட்டது. இம்முறை சிமெண்ட் பூசிக் கட்டிவிடலாமா?

பதில்: கூடாது. சுவரைத் தள்ளியது பின்னால் ஊறி நின்ற நீரின் அழுத்தம். கல் இடுக்குகள் வழியே கசிந்து வெளியேறிக்கொண்டிருந்த நீரைச் சிமெண்ட் அடைத்துவிட்டால் அடுத்த சரிவு இன்னும் பெரிதாக இருக்கும். ஓரடி ஆழம் கடைக்கால் எடுத்து, பெரிய கற்களை அடியில் வைத்து, சுவர் மண் பக்கமாகச் சற்றே சாயும்படி எழுப்புங்கள். இடையிடையே நீளக்கற்களைச் சுவருக்குக் குறுக்கே மண்ணுக்குள் நுழையுமாறு வைக்க வேண்டும். சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே சல்லிக்கல் நிரப்புவதைப் பலரும் கூலி மிச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். வயிறு தள்ளுவது பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காபித் தோட்டச் சரிவில் வெட்டிவேர் நடலாமா? களையாகப் பரவிவிடுமா?

பதில்: பரவாது. தென்னிந்திய வகை முளைக்கும் விதை தருவதில்லை, ஓடுதண்டும் கிடையாது. வேர் பக்கவாட்டில் படராமல் பத்தடி வரைகூட நேராக இறங்கும். ஆனால் அதற்கு வெயில் வேண்டும். தோட்டத்து நிழல் மரங்களின் அடியில் மெலிந்து செத்துவிடும். ஆகவே காபிச் செடிகளுக்கு நடுவே உதிர்ந்த சருகை அகற்றாமல் மூடாக்காக விட்டு, வரிசைகளுக்கிடையே சரிவுக்குக் குறுக்காக நீளக்குழிகள் வெட்டிவிடுங்கள். வெட்டிவேரைச் சாலையோரம், வடிகால் கரை போன்ற திறந்த இடங்களில் அரையடி இடைவெளியில் ஒற்றை வரிசையாக நடுங்கள். இடையில் ஒரு தூர் பட்டுப்போனாலும் உடனே நிரப்ப வேண்டும், ஏனெனில் நீர் அந்த இடைவெளியைத்தான் தேடி வரும். வேருக்கு நல்ல விலை கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால், சரிவில் நட்டதைத் தோண்டிவிடாதீர்கள். விற்பதற்கான வேரைச் சமவெளியில் தனியாகப் பயிரிட்டுக்கொள்ளலாம்.