மார்பகத்தில் வைக்கும் சிலிக்கோன் இம்பிளான்ட்டின் மேற்பரப்பு வழவழப்பா, சொரசொரப்பா என்பதைப் பொறுத்து சிக்கல்கள் மாறுமா?

மாறும். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இரண்டு வகையையும் கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வழவழப்பானது ஈரக் கையுறையில் மீன் போல நழுவும். மற்றது உப்புத்தாளைத் தடவுவது போல இருக்கும். பெயர்ப் பொருத்தம் பாருங்கள்: சிலவற்றுக்கு அந்தச் சொரசொரப்பு வருவதே சிலிக்கோன் உறையில் உப்புக்கற்களைப் பதித்து, பிறகு கழுவிக் கரைத்து எடுப்பதால்தான்.

எந்த இம்பிளான்ட்டை வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றி ஒரு தழும்புச் சவ்வு கட்டும். வழவழப்பானதைச் சுற்றி நார்கள் ஒரே போக்கில் படிகின்றன. அவை சேர்ந்து சுருங்கினால் மார்பு கல்லாக இறுகி, உருக்குலைந்து, வலியும் வரலாம். சொரசொரப்பானதில் நார்கள் அதன் குழிகளுக்குள் தாறுமாறாக நுழைந்துவிட்டால் அந்த இறுக்கம் குறையும், துளி வடிவ இம்பிளான்ட்டும் உள்ளே திரும்பிக்கொள்ளாது. சொரசொரப்பு வந்த காரணம் இதுதான், காரணம் நல்லதுதான்.

விலை வேறு இடத்தில் இருந்தது. உராய்வில் நீர் கோத்துக்கொள்வது, சவ்வு இரட்டையாகப் பிரிவது எல்லாம் சொரசொரப்பானதில் அதிகம். அதைவிடப் பெரியது, சவ்வில் தோன்றும் லிம்ஃபோமா என்ற ஒரு அரிய புற்றுநோய். இது மார்பகப் புற்றுநோய் அல்ல, நோயெதிர்ப்பு அணுக்களில் வருவது. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகள் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2011இல் முதலில் எச்சரித்தது. 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தன் சொரசொரப்பான பயோசெல் வகையை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. தொந்தரவு இல்லாதவர்கள் அதை எடுத்துவிட வேண்டும் என்று எஃப்டிஏ சொல்லவில்லை.

அப்படியானால் கண்ணாடி போல வழவழவென்று இருப்பதுதான் சிறந்ததா என்றால், அதுவும் இல்லை. 2021இல் வெளிவந்த ஒரு ஆய்வில், விலங்குகளில் அழற்சி மிகக் குறைவாக இருந்தது சுமார் 4 மைக்ரான் சொரசொரப்பில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் 2018 தரப்படி 10 மைக்ரானுக்குக் கீழே எல்லாமே ‘வழவழப்பு’தான். அந்தச் சொல்லை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் பாதிதான் தெரியும்.

ஒரு பெண் ஒன்பது வருடம் கழித்து ஒரு பக்கம் மட்டும் வீங்கி வந்தார். திறந்தபோது மஞ்சள் நீர் வந்தது. இம்பிளான்ட் மேல் உள்சவ்வு தோல் போல ஒட்டியே வெளியே வந்தது. நீரை, அந்த லிம்ஃபோமாவின் அடையாளத்தைத் தேடும் சிடி30 சோதனைக்கு அனுப்பினோம். முடிவு வரும்வரை அவர் தூங்கவில்லை, நல்லவேளை, நெகட்டிவ். முன்பு ஆபரேஷன் செய்த இடத்தில் கொடுத்த காகிதத்தில் 275 சிசி என்று அளவு மட்டும் இருந்தது. என்ன மேற்பரப்பு, எந்த லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) என்று ஒரு வரிகூட இல்லை.