8 அங்குல டெலஸ்கோப்பில் எவ்வளவு மங்கலான நட்சத்திரம் வரை தெரியும்? அதை எப்படி அளப்பது?

உங்கள் 8 அங்குல டாப்சோனியனின் (எளிய தாங்கியில் கையால் திருப்பும் ஆடி டெலஸ்கோப்) பெட்டியில் 13.5 மேக்னிட்யூட் (நட்சத்திர வெளிச்ச எண்; எண் கூடக் கூட மங்கல்) வரை தெரியும் என்று போட்டிருக்கிறது, அதை நம்பலாமா என்று கேட்கிறீர்கள். அந்த எண்ணை யாரும் வானத்தைப் பார்த்து அளக்கவில்லை. ஆடியின் விட்டத்தை மி.மீட்டரில் எடுத்து, அதன் மடக்கையை 5ஆல் பெருக்கி, 2ஐக் கூட்டினால் 200 மி.மீ.க்கு 13.5 வந்துவிடும். இதில் வானத்தின் இருட்டும் இல்லை, ஐபீஸும் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) இல்லை, உங்கள் கண்ணும் இல்லை. இருட்டான இடத்தில் பழகிய கண் இதே கருவியில் 14ஐத் தாண்டும். நகர வெளிச்சத்தில் 13ஐத் தொடுவதே கடினம். (5 மேக்னிட்யூட் என்பது சரியாக 100 மடங்கு வெளிச்ச வேறுபாடு என்ற கணக்கை 1856இல் முன்வைத்த நார்மன் போக்சன், பின்னர் 1861 முதல் 1891இல் இறக்கும்வரை சென்னை வானாய்வகத்தில்தான் பணியாற்றினார்.)

எல்லையைத் தீர்மானிப்பதில் பலரும் கோட்டைவிடுவது உருப்பெருக்கம். குவியத்தூரம் 1200 மி.மீ. உள்ள குழாயில் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 48 மடங்கு, 6 மி.மீ. போட்டால் 200 மடங்கு. 200இல் வானப் பின்னணியின் வெளிச்சம் 17 மடங்கு பரந்து மங்கிவிடும். நட்சத்திரமோ புள்ளியாகவே நிற்கும். அதனால் 48இல் இல்லவே இல்லை என்று தோன்றியது 200இல் எட்டிப் பார்க்கும். ஏறக்குறைய ஒரு மேக்னிட்யூட் லாபம். காற்று கொதிக்கும் இரவில் மட்டும் இது பலிக்காது. புள்ளி பஞ்சாகப் பரவினால் 150க்கு இறங்கிவிடுங்கள். கோலிமேஷன் (ஆடிகள் ஒரே நேர்கோட்டில் அமைவது) தப்பியிருந்தாலும் இதே கதிதான்.

அளக்கும் இடமாக மெஸ்ஸியர் 67ஐப் பரிந்துரைப்பேன். கடக ராசியில், ஆல்ஃபா கேன்க்ரி நட்சத்திரத்துக்கு மேற்கே 2 பாகைக்குள் இருக்கும் நட்சத்திரக் கொத்து. தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் கடக்கும். பிப்ரவரி நடுவில் இரவு 11.20 வாக்கில், மார்ச் நடுவில் 9.30 வாக்கில். உச்சிக்கு வந்த நேரத்தில் டாப்சோனியனைத் திருப்புவது பெரும்பாடு, ஆகவே ஒரு மணி நேரம் முன்னதாகவோ பின்னதாகவோ பாருங்கள். 75 பாகை உயரத்தில் காற்றால் வரும் இழப்பு உச்சியில் இருப்பதைவிட அதிகமில்லை. 30 பாகைக்கு இறங்கினால் காற்றின் தடிமன் இரட்டிப்பாகி, அளவு கெட்டுப்போகும். இந்தக் கொத்தில் 13ஆம் மேக்னிட்யூட்டைவிட மங்கலான நட்சத்திரங்கள் குவிந்திருப்பது நமக்கு வசதி. அவை பெரும்பாலும் சூரியனை ஒத்த நிறம் கொண்டவை; சிவப்பு நட்சத்திரங்கள் இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அட்டவணை எண்ணைவிட மங்கலாகத் தெரியும், அந்தச் சிக்கல் இங்கே குறைவு.

வரைபடத்தை ஏஏவிஎஸ்ஓவின் (மாறும் நட்சத்திரங்களைக் கவனிப்போரின் அமெரிக்கச் சங்கம்) வரைபடச் செயலியில் எடுக்கலாம். பரப்பு 15 ஆர்க்நிமிடம் (கால் பாகை), மேக்னிட்யூட் எல்லை 12.5 என்று கொடுத்து ஒரு பிரதி, எல்லையை 15.5 ஆக்கி இன்னொரு பிரதி. இரண்டாவதை மடித்துப் பையில் வைத்துவிடுங்கள், பார்க்கவே கூடாது. நட்சத்திரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் கண் அதைக் கற்பித்துக்கொள்ளும். டாப்சோனியன் போன்ற நியூட்டோனியன் வகை டெலஸ்கோப்பில் படம் தலைகீழாக வரும், தாளையும் அப்படியே திருப்பிப் பிடியுங்கள். 12.5 வரைபடத்தில் இல்லாத எந்தப் புள்ளி தெரிந்தாலும் பென்சிலால் குறியுங்கள். பிறகு வீட்டில் இரண்டாவது தாளோடு ஒப்பிடுங்கள். தாளில் ஒப்பீட்டு நட்சத்திரங்களுக்கு (மேக்னிட்யூட் அளந்து வைத்தவை) அருகே போட்ட எண்களில் தசமப் புள்ளி இருக்காது: 138 என்றால் 13.8. புள்ளி போட்டால் அதையே நட்சத்திரம் என்று எண்ணிவிடுவார்கள் என்பதால் அந்த ஏற்பாடு.

கண் இருட்டுக்குப் பழக 30 நிமிடமாவது வேண்டும். ஒருமுறை போன் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. தலையோடு ஐபீஸையும் சேர்த்துக் கறுப்புத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். நேராகப் பார்க்காமல் 15 பாகையளவு தள்ளிப் பாருங்கள். வலக்கண் என்றால் வலப்பக்கம் தள்ளி, அதாவது நட்சத்திரம் மூக்குப் பக்கம் விழும்படி. எதிர்ப்பக்கம் விழுந்தால் குருட்டுப் புள்ளியில் மாட்டிக்கொள்ளும். மூச்சை அடக்காதீர்கள், பார்வை மங்கும். குழாயை விரலால் லேசாகத் தட்டினால், அசைகிற மங்கல் புள்ளியைக் கண் சட்டென்று பிடிக்கும்.

எல்லையில் இருக்கும் நட்சத்திரம் நிலையாக நிற்காது. இரண்டு பிரகாசமான புள்ளிகளுக்கு நடுவில் ஒரு நொடி வரும், நேராகப் பார்த்ததும் மறையும். கண்ணைத் தள்ளினால் அதே இடத்தில் திரும்ப வர வேண்டும். இடம் மாறி வந்தால் அது கண்ணின் இரைச்சல், அடித்துவிடுங்கள். ஒரு புள்ளியைப் பத்து முறை தேடி ஐந்து முறையாவது அங்கேயே கண்டால் ஏற்றுக்கொள்ளலாம்.

திடீரென அரை மேக்னிட்யூட் குறைந்தால் கண்ணைச் சந்தேகிப்பதற்கு முன் ஐபீஸையும் சிறிய ஆடியையும் பாருங்கள். மாசிப் பனி படிந்திருக்கும். புதிய அலுமினியப் பூச்சிலேயே இரண்டு ஆடிகளும் நடுத்தடுப்பும் (சிறிய ஆடி மறைக்கும் பகுதி) சேர்ந்து சுமார் கால் பங்கு ஒளியை விழுங்குகின்றன, பழைய பூச்சு இன்னும் அதிகம்.

நல்ல இரவில் 14.6ஐப் பிடித்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: நம் சூரியனை அந்தக் கொத்தின் தொலைவில், சுமார் 2,800 ஒளியாண்டில் வைத்தால் அவ்வளவு மங்கலாகத்தான் தெரியும்.